குடல் நோய்க்கு விதை எண்ணெய்: கடைக்காரர்கள் அறிந்து கொள்ள வேண்டியவை



எண்ணெய், வித்து மொத்த வியாபாரத்தில் நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறோம். முன்பெல்லாம் கடைக்கு வரும் வாடிக்கையாளர், "நல்லெண்ணெய் என்ன விலை? புது வரத்தா, பழசா?" என்று கேட்பார். இப்போது, "அண்ணாச்சி, கருஞ்சீரக எண்ணெய் இருக்கா? குடல் புண்ணுக்கு எத்தனை சொட்டு சாப்பிடணும்?" என்று கேட்கிறார். செல்போனில் யாரோ சொல்லியிருப்பார். கேட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவரிடம் போனால் செலவு, அலைச்சல், வெட்கம். நம்மிடம் வந்தால் நூறு, இருநூறு ரூபாயோடு முடிகிறது. ஆனால் பதில் சொல்லும் இடத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம். ஆகவே இந்த எண்ணெய்களைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்திருக்கிறது என்பதை நாம் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்த வரையில் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. நம் பக்கத்தில் வயிற்றில் எது வந்தாலும் "அல்சர்" என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் இரைப்பையிலும் அதை அடுத்த சிறுகுடல் தொடக்கத்திலும் வரும் புண். நாம் இங்கே பேசுவது அதுவன்று. குடலின் உட்சுவர் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வீங்கிச் சிவந்து புண்ணாகும் அழற்சி நோய். இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; இது பெருங்குடலை மட்டும் பிடிக்கும், ஆசனவாய்ப் பக்கம் தொடங்கி மேலே ஏறும். மற்றொன்று கிரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரை ஆழமாகத் துளைக்கும், சில இடங்களில் குடலைச் சுருக்கிவிடும். 1932-ஆம் ஆண்டு நியூயார்க்கில் மூன்று மருத்துவர்கள் சேர்ந்து இந்த இரண்டாவது நோயை விவரித்து எழுதினார்கள். ஆங்கில அகர வரிசையில் கிரோன் என்பவர் பெயர் முதலில் வந்ததால் நோய்க்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. கூட்டு வியாபாரத்தில் முதல் பங்காளியின் பெயர் மட்டும் போர்டில் நிலைப்பது போலத்தான்.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று எண்ணிவிட வேண்டாம். பஞ்சாபில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2003-இல் வெளியாயிற்று. அங்கே ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 44 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களாக இருந்தார்கள். இள வயதினரையே இது அதிகம் பிடிக்கிறது. வாரக் கணக்கில் மலத்தோடு இரத்தமும் சளியும் போவது, இரவில் தூக்கம் கலைந்து வெளிக்குப் போவது, எடை குறைவது, காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவப்பது என்று வரும். மூலம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோய் பார்வைக்குக் கிரோன் நோய் போலவே இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதில் கேட்டை விளைவிக்கும். குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கிற மருத்துவரே சில வேளை தடுமாறுகிற இடத்தில், கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

இதைச் சொல்லும் தகுதி நமக்கு எப்படி வந்தது என்றால், நாமே தவறு செய்தவர்கள். எங்கள் சகலபாடியின் மகன் நமது கடையில் கணக்கு எழுதுகிறான். அவனுக்கு 22 வயதில் இந்தத் தொல்லை தொடங்கிற்று. அடிக்கடி எழுந்து போவான். கேட்டால், "சூடுதான் பெரியப்பா, சரியாயிடும்" என்பான். வீட்டில் எல்லோரும் மூலச்சூடு என்று முடிவு கட்டினோம். சனிக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல், மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய். அதற்குள் ஒரு விற்பனைப் பிரதிநிதி கருஞ்சீரக எண்ணெய் என்று 100 மில்லி பாட்டில்கள் கொண்டு வந்தார். கூடவே ஒரு நோட்டீஸ். அதில் நாற்பது நோய்களின் பெயர், குடல் புண்ணும் சேர்த்து. இரண்டு டஜன் எடுத்தோம். அதில் இரண்டு பாட்டிலைத் தம்பிக்கே கொடுத்தோம். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் லோடு இறங்கும்போது சிட்டையும் கையுமாக நின்றவன் அப்படியே சரிந்து விழுந்தான். எடை 11 கிலோ குறைந்திருந்தது. இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொன்னார்கள்.

என்னென்ன கொடுத்தீர்கள் என்று அந்த மருத்துவர் கேட்டார். ஒளிக்காமல் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அந்த எண்ணெய் விஷமில்லை ஐயா. ஆனால் அதைக் குடித்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டீர்கள்" என்றார். அன்றிலிருந்துதான் நாம் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

இனி எண்ணெய்களுக்கு வருவோம்.

விளக்கெண்ணெய் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேதிக்குக் கொடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். ஆமணக்கு எண்ணெய் குடலுக்குள் போனதும் அதிலிருந்து ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. அது குடல் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. எந்த வாசல் வழியாகத் தூண்டுகிறது என்பதை ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். அதே வாசல் கருப்பையிலும் இருக்கிறது. ஏற்கனவே புண்ணாகி இரத்தம் வடியும் குடலைப் போட்டு முறுக்குவது எப்படி மருந்தாகும்? குடல் அழற்சி உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும் பேதிக்கென்று விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. நாம் கொடுத்தோம். அது நமது அறியாமை.

கருஞ்சீரகத்தில் முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வடக்கே இதைக் கலோஞ்சி என்பார்கள். காலா ஜீரா என்று எழுதினால் பல இடங்களில் வருவது வேறு சரக்கு. அது பிரியாணிக்குப் போடும் மெல்லிய நீண்ட சீரகம். வங்காளத்திலோ காலோ ஜீரே என்றால் கருஞ்சீரகமே. வெங்காய விதையும் கண்ணுக்கு இதே போல் கறுப்பாக, மூலை மூலையாக இருக்கும். ஆர்டர் போடும்போது மாதிரி பார்த்து, கையில் கசக்கி மணம் பார்த்து வாங்குவதே நல்லது. விதையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு எண்ணெய் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பேசும் தைமோகுவினோன் என்ற சத்து, அதில் மிகச் சிறு பங்காக உள்ள, காற்றில் பறந்துவிடும் வாசனை எண்ணெயில் இருப்பது. ரசாயனத்தால் எலிகளின் குடலைப் புண்ணாக்கி, இந்தச் சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில் புண் குறைந்தது என்று 2003-இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலிக்குக் கொடுத்தது தனியே பிரித்து எடை போட்ட சத்து. நம் அலமாரியில் இருக்கும் பாட்டிலில் அது எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் யாரும் எழுதுவதில்லை. செக்கில் சூடேறி, வெயிலில் நின்று, ஒரு வருஷம் கிடந்த பாட்டிலில் எவ்வளவு மிஞ்சும்? மாதுளை விதை எண்ணெயின் கதையும் எலியோடு நிற்பதுதான்.

மனிதர்களிடம் சோதித்த சரக்கு என்றால் ஆளி விதையைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசம், விதர்ப்பா பக்கமிருந்து வருகிற சரக்கு. பத்து ஆண்டுகளுக்கு முன் நமது ஊரில் ஒரு மூட்டை விற்க ஒரு வருஷம் ஆகும். இப்போது மாதம் இரண்டு மூட்டை போகிறது. இதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா மூன்று வகையைச் சேர்ந்தது. ஆனால் உடம்பு இதில் சிறு பங்கைத்தான் மீன் எண்ணெயின் சத்தாக மாற்றிக்கொள்கிறது. ஈரான் நாட்டில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 90 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 30 கிராம் ஆளி விதைப் பொடி, ஒரு பிரிவுக்கு 10 கிராம் ஆளி எண்ணெய், மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. 12 வாரம் கழித்துப் பார்த்ததில் முதல் இரண்டு பிரிவினருக்கும் அழற்சியைக் காட்டும் அளவுகள் குறைந்திருந்தன. நோயின் கடுமையும் குறைந்திருந்தது. 2019-இல் இது வெளியாயிற்று.

இதைப் படித்ததும் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தராசை இரு பக்கமும் பார்க்க வேண்டும். 90 பேர், மூன்றே மாதம். தாம் என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்து சாப்பிட்டால் மனமே பாதி குணத்தைக் காட்டிவிடும். ஒரு மூட்டையில் கைவிட்டு எடுத்த மாதிரி நன்றாக இருந்தால் லோடு முழுவதும் நன்றாக இருக்கும் என்று நாம் பணம் கட்டுவதுண்டா?

இதற்கு மீன் எண்ணெய் வியாபாரமே சாட்சி. அது விதை எண்ணெய் அன்று என்றாலும் சொல்லியாக வேண்டும். இத்தாலியில் 1996-இல் கிரோன் நோய் அடங்கியிருந்த 78 பேருக்கு ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு நோய் திரும்பியது. மற்றவர்களில் 69 பேருக்கு. உலகமே மருந்து கிடைத்துவிட்டது என்று பேசிற்று. பிறகு கனடா, ஐரோப்பா, இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய இடங்களில் 700-க்கு மேற்பட்டவர்களை வைத்து இரண்டு பெரிய சோதனைகள் நடத்தினார்கள். 2008-இல் முடிவு வந்தது. ஒன்றில் 31.6-க்கு 35.7, மற்றதில் 47.8-க்கு 48.8. அதாவது கணக்கில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் ஏதும் இல்லை. சிறிய மாதிரியில் தங்கமாகத் தெரிந்தது லோடு வந்ததும் சாதாரணமாகிவிட்டது. ஆளி எண்ணெய்க்கும் அப்படித்தான் ஆகும் என்று நாம் சொல்லவில்லை. அதற்குப் பெரிய லோடு இன்னும் வரவில்லை என்கிறோம்.

ஆளி எண்ணெயில் நம் தொழிலுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. இதை ஒவ்வொருவரும் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். பெயிண்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் லின்சீட் ஆயில் என்று டின்னில் விற்கிறார்கள். மரத்துக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் பூசுவது. "பாயில்டு" என்று போட்டிருப்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். விதை ஒன்றே, பெயர் ஒன்றே. ஆனால் அது வாயில் வைக்கக் கூடாத சரக்கு. விலை குறைவு என்று அதை வாங்கிச் சின்னப் பாட்டிலில் ஊற்றி விற்பதை நாம் ஓரிடத்தில் கண்ணால் கண்டோம். தொழிற்சாலை எண்ணெய் அடுப்படிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1981-இல் ஸ்பெயின் நாடு உதாரணம். தொழிலுக்கென்று அனிலின் கலந்து இறக்குமதி செய்த கடுகின எண்ணெயைச் சுத்திகரித்துச் சமையலுக்கு விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டு, நூற்றுக் கணக்கில் மாண்டார்கள். நம் நாட்டிலும் 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

சாப்பாட்டுக்கான ஆளி எண்ணெயும் சீக்கிரம் கெடுவது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்குப் பகை. கறுப்புப் பாட்டிலில், சிறிய அளவில், குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். தாளிக்கவும் பொரிக்கவும் ஆகாது. வார்னிஷ் வாடையோ கசப்போ வந்துவிட்டால் தள்ளிவிட வேண்டியதுதான். மீதத்தை நல்லெண்ணெயில் கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைப்பவருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணெயை விட்டு விதைக்கு வந்தால், நம் கடையில் நெடுநாளாக இருக்கும் இசப்கோல் பற்றிச் சொல்ல வேண்டும். குஜராத்தில் ஊஞ்சா, சித்பூர் பக்கமிருந்து வருவது. ஸ்பெயினில் 1999-இல் வெளியான ஒரு சோதனை: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அடங்கியிருந்த 105 பேரில் ஒரு பிரிவுக்கு இசப்கோல் விதை தினம் 20 கிராம், ஒரு பிரிவுக்கு மெசலமைன் மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு வருஷத்தில் பலன் தவறியது முறையே நூற்றுக்கு 40, 35, 30. விதை மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடு கொடுத்திருக்கிறது. ஆனால் அடங்கியிருந்த நோய் திரும்பாமல் காப்பதற்குத்தான். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது அன்று. கிரோன் நோயில் குடல் சுருங்கியவருக்கு இசப்கோலும் முழு ஆளி விதையும் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. தண்ணீர் போதாமல் சாப்பிட்டால் நல்ல குடலிலும் தொல்லைதான்.

விதை எண்ணெய் என்றாலே குடலுக்கு நன்மை என்று பொதுவாகச் சொல்வதும் தவறு. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சாப்பாட்டைக் குறித்து வைத்துப் பார்த்தார்கள். பின்னாளில் 126 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தது. லினோலிக் அமிலம் மிக அதிகமாக உண்ட பிரிவினருக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் இரண்டரை மடங்கு அதிகம் வந்திருந்தது என்று 2009-இல் எழுதினார்கள். சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 பங்கும், நல்லெண்ணெயில் 40 பங்குக்கு மேலும் இந்த அமிலம்தான். அதுவே காரணம் என்று இதனால் நிலைநாட்டப்பட்டுவிடவில்லை. சேர்ந்து காணப்பட்டது, அவ்வளவே. சூரியகாந்தி டின்களை யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் 1954-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் இரைப்பை, குடல் புண்களும் அடக்கம். நோட்டீஸ், லேபிள், சுற்றறிக்கை எல்லாம் அந்தச் சட்டப்படி விளம்பரமே. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்காரர் கொடுத்த நோட்டீஸைத்தானே ஒட்டினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நோய் தீரும் என்று அச்சடித்த அட்டையைக் கடையில் தொங்க விடாதீர்கள்.

நமது கடையில் இப்போது என்ன செய்கிறோம் என்றால், கருஞ்சீரகமும் ஆளியும் இசப்கோலும் விற்கிறோம்; சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் கேட்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு சேர்த்து ஆளிப் பொடி சாப்பிடுகிறவருக்கும் மறுப்பதில்லை. "மாத்திரையை நிறுத்திட்டேன் அண்ணாச்சி, இனி எண்ணெய்தான்" என்று சொல்கிறவரிடம் மட்டும் பாட்டிலைக் கொடுப்பதற்கு முன் உட்கார வைத்துப் பேசுகிறோம். இந்த நோய் அடங்கினாற்போல் இருந்து திரும்பும். நெடுநாள் கவனிக்காமல் விட்டால் பெருங்குடலில் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறோம். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

வாங்கிய இரண்டு டஜனில் ஒன்பது பாட்டில் விற்றிருந்தோம். இரண்டு தம்பிக்குப் போனது. மீதி 13 பாட்டிலைப் பிரதிநிதி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டக் கணக்கில் எழுதினோம். எழுதியவன் தம்பிதான். ஒன்றரை ஆண்டாக மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். இழந்த எடையில் ஒன்பது கிலோ திரும்பிவிட்டது. குடல் எண்ணெய் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது அவனே பேசுகிறான். "எத்தனை நாளாக இருக்கு? இரத்தம் போகிறதா?" என்று முதலில் கேட்கிறான். போகிறது என்றால் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை. தான் பார்த்த மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறான்.